பதின்மூன்றாம் எண் ஆட்டக்காரனின் அப்பா

புள்ளிவிவர மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பதை இரண்டு நாள் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உங்கள் விரல்கள் என்னுடையவற்றைவிட வேகமானவை. எனக்கு ஐம்பத்தைந்து வயதாகிறது, கண்ணாடி இரண்டு முறை மாறிவிட்டது. மைதானத்தின் எதிர்க் கோடியில் பந்தைப் பிடித்தவன் எட்டாம் எண்ணா ஒன்பதாம் எண்ணா என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் வேலையில் அந்த ஒரு நொடி கிடையாது. அதனால் இந்த சீசனோடு ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டேன்.

போவதற்கு முன்னால் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் குழுத் தலைவி மரிசெல் கேட்டார். யோசித்துப் பார்த்தால் எனக்கு எழுத ஒரு ஆட்டம்தான் இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில்கூட நாங்கள் அதிகம் பேசுவதில்லை.

நான் முழுநேரமாக இந்த வேலை செய்தவன் அல்ல. அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒரு செராமிக் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். விளக்குக்கு அடியில் டைல்கள் வரிசையாகப் போகும். கீறலோ நிழலோ என்று சந்தேகம் வந்தால் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். யோசிக்கக் கூடாது, வாதாடக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக அதுதான் என் கைப்பழக்கம். கல்லூரியில் கூடைப்பந்து ஆடியிருக்கிறேன். என் மகன் கவின் பள்ளியில் ஆட ஆரம்பித்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு பள்ளியாகப் போனேன். சும்மா உட்கார்ந்திருந்தவனை மேசையில் உட்கார வைத்தார்கள். பள்ளி ஆட்டங்களிலிருந்து கிளப் ஆட்டங்கள், பிறகு தொழில்முறை லீக் தொடங்கியபோது அங்கேயும் கூப்பிட்டார்கள்.

நம் மேசையில் இரண்டு பேர். ஒருவர் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வார், இன்னொருவர் கணினியில் அடிப்பார். சொல்பவர் கணினியைப் பார்ப்பதில்லை, அடிப்பவர் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. நான் சொல்பவன், மரிசெல் அடிப்பவர். அவர் பிலிப்பைன்ஸ்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பகலில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறார். என்னைக் 'குயா' என்பார். அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

லீக்கில் என் மூன்றாவது ஆட்டத்தில் பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் கூடையில் பட்டுத் திரும்பிய பந்தை யாரோ பிடித்துவிட்டார்கள். அங்கே நின்றவர்களில் உயரமானவனின் எண்ணைச் சொல்லி "ரீபவுண்ட்" என்றேன். மரிசெல் தலை நிமிரவில்லை.

"குயா, இது நீங்க பார்த்ததா, நினைச்சதா?"

ஆட்டம் முடிந்ததும் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

"பார்த்ததைச் சொல்லும்போது உங்க குரல் உடனே வரும். நினைச்சதைச் சொல்லும்போது மூச்சு முதல்ல வருது, அப்புறம்தான் குரல் வருது."

சிரித்துவிட்டேன். இவ்வளவு கூர்மையான காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டேன். முடியும் என்று அடுத்த வருடம் தெரிந்தது.

பள்ளி முடிந்ததும் கவினுக்குக் கோயம்புத்தூரில் பொறியியல் இடம் கிடைத்தது. ஒரு வருடம் பந்து ஆடிப் பார்க்கிறேன் என்று கேட்டான். என் மனைவி வசந்தி சரி என்றாள், நான் அரை மனதாகச் சரி என்றேன். ஒரு வருடத்துக்குள் ஏதாவது தொழில்முறை அணியில் இடம் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குப் போய்க் கல்லூரியில் சேர வேண்டும். இதுதான் எங்கள் மூன்று பேருக்கும் இடையில் பேச்சு. அந்த ஒரு வருடம் முடிய மூன்று வாரம் இருந்தபோது துபாய் கிளப் ஒன்று அவனை ட்ரையலுக்கு எடுத்தது. கூடவே ஷார்ஜாவில் வளர்ந்த சூடானியக் குடும்பத்துப் பையன் ஹைதமையும் எடுத்தது. இருப்பது ஒரு இடம். இரண்டு பேரில் ஒருவருக்கு.

அந்தச் சனிக்கிழமை அந்தக் கிளப்பின் நாலு மணி ஆட்டத்துக்கு நான் மேசையில் இருந்தேன். ட்ரையல் பையன்களை ஆட விட மாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பெயர்ப் பட்டியல் வந்தது. காலையில் இரண்டு பேருக்குக் கணுக்கால் பிசகியிருக்கிறது. பன்னிரண்டாம் எண் ஹைதம். பதின்மூன்றாம் எண்ணுக்கு நேராக என் மகன் பெயர்.

போன் அடித்தேன். "ஏன்டா சொல்லல?"

"கோச் இப்பத்தான்பா சொன்னார். நான் பஸ்ல இருக்கேன். அம்மாகிட்ட சொல்லிடுங்க. டென்ஷன் ஆக வேணாம்னு சொல்லுங்க." சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது.

மரிசெலிடம் பட்டியலைக் காட்டினேன். வேறு யாராவது சொல்ல முடியுமா என்று அவர் நாலு பேருக்குப் போன் செய்தார். ஒருவர் லீவில், ஒருவர் அபுதாபியில் இன்னொரு ஆட்டத்தில், இரண்டு பேர் எடுக்கவில்லை. நாங்கள் இருவரும் இடம் மாறி உட்காரலாம் என்பது அந்த அவசரத்தில் தோன்றவில்லை.

"குயா, உங்களால அவனை வெறும் நம்பரா பார்க்க முடியுமா?"

"முடியும்" என்றேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. புதியவர்களே, இப்படிப்பட்ட கேள்விக்கு அத்தனை வேகமாகப் பதில் வந்தால் அந்தப் பதிலை நம்பாதீர்கள். "தெரியவில்லை" என்று நான் சொல்லியிருந்தால் மரிசெல் வேறு வழி தேடியிருப்பார்.

முறைப்படி அவர் இரண்டு அணிகளுக்கும் விஷயத்தைச் சொன்னார். கவினின் பயிற்சியாளர், ஒரு செர்பியர், தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். எதிரணிப் பயிற்சியாளர் மேசைக்கே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்பாவா? யா ஹபீபி! அப்போ பையன் இன்னிக்கு முப்பது பாயிண்ட், இருபது அசிஸ்ட்!" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் மனதில் ஒன்றும் இல்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு என் பிடரியில் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது கால்பகுதியில் கவின் உள்ளே வந்தான். வந்த கொஞ்ச நேரத்தில் ஓரத்திலிருந்து ஒரு பாஸ் கொடுத்தான். வாங்கியவன் ஒரு முறை தரையில் தட்டிவிட்டுக் கூடையில் போட்டான். இதை அசிஸ்ட், அதாவது கூடை போட உதவிய பாஸ், என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். அந்த பாஸ்தான் வழி திறந்ததா என்பது சொல்பவரின் தீர்ப்பு. வேறு யாராக இருந்தாலும் நான் அசிஸ்ட் என்றிருப்பேன். அன்று மூச்சு வந்தது, பிறகு குரல் வந்தது.

"அசிஸ்ட் மாஃபி" என்றேன், இங்கே அரபியில் 'இல்லை' என்பதற்கு அப்படித்தான் சொல்வோம்.

மரிசெலின் விரல் ஒரு கணம் நின்று, பிறகு அடித்தது.

அதற்குப் பிறகு நான் டைல் பரிசோதகன் ஆகிவிட்டேன். இரண்டு பேர் கை பட்டு வந்த பந்தைக் கவின் பிடித்தால், அதைப் பக்கத்தில் நின்றவனின் ரீபவுண்டாகச் சொன்னேன். எதிராளியின் கையிலிருந்து பந்தை அவன் தட்டிப் பறித்தால், பந்து தானாக நழுவியதாகச் சொன்னேன். அவன் கொடுத்த பந்தை நண்பன் கோட்டைவிட்டால், தவறு கவினுடையது என்றேன். ஒவ்வொன்றிலும் சந்தேகத்துக்கு ஒரு இடம் இருந்தது. ஒவ்வொரு சந்தேகத்திலும் அவனை எடுத்து ஓரமாக வைத்தேன். அதைச் செய்யும்போது எனக்குள் ஒரு பெருமிதம் இருந்தது. எவ்வளவு நேர்மையானவன் நான் என்று.

ஆட்டம் முடிந்தது. கவினின் அணி தோற்றது. புள்ளிவிவர ஷீட் அச்சாகி வந்தது. பதின்மூன்றாம் எண்ணுக்கு நேராக நாலு பாயிண்ட், ஒரு ரீபவுண்ட், மூன்று தவறுகள், மீதியெல்லாம் பூஜ்யம். ஹைதமின் வரிசை அழகாக இருந்தது. பயிற்சியாளர் ஷீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாளை மாலை ஐந்து மணிக்கு முடிவைச் சொல்கிறேன் என்று இரண்டு பையன்களிடமும் சொன்னார்.

வீட்டுக்குக் காரில் திரும்பினோம். அன்று என்னோடு ஆட்டம் பார்க்க வந்திருந்த வசந்தி பின்னால், கவின் என் பக்கத்தில். அவன் போனில் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஷார்ஜா தாண்டியதும் தலை நிமிர்ந்தான்.

"ஸீரோ அசிஸ்ட்" என்றான்.

"எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனா நீ அந்த நெட்டையன் கையில இருந்து பந்தைப் பிடுங்கினதை நான் பார்த்தேன். ரெண்டு தடவை" என்றாள் வசந்தி.

"அது ஸ்டீல் இல்லம்மா. ஸ்டீல்னா அப்பா சொல்லியிருப்பார்."

"நீயே பிடுங்கிட்டு நீயே இல்லங்கிற?"

"ஆடும்போது நமக்கு எல்லாமே பெருசாத் தெரியும்மா. நான் நல்லா ஆடினேன்னுதான் நினைச்சேன். அப்பா வெளியிலேருந்து பார்க்கறார்ல? அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவன் கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன். அவன் தன் கையும் காலும் செய்ததை நம்பாமல் என் ஷீட்டை நம்பினான். தன் ஆட்டத்தை மனதில் அழித்து நான் சொன்ன எண்களை எழுதிக்கொண்டிருந்தான்.

பெட்ரோல் நிலையம் வந்ததும் காரை ஒதுக்கினேன். கவின் கரக் டீ வாங்க இறங்கினான். வசந்தி பின்னாலிருந்து கேட்டாள்.

"வேணும்னே பண்ணீங்களா?"

"வேணும்னு இல்ல. என் பையனுக்குப் போட்டுக் கொடுத்துட்டேன்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு..."

"அது மட்டும்தானா? இல்ல, இவன் ஊருக்குப் போய் இன்ஜினியரிங் படிக்கட்டும்னு உள்ளுக்குள்ள இருந்துச்சா?"

அதற்கு இல்லை என்று முழுத் தைரியமாகச் சொல்ல இன்றுவரை என்னால் முடியவில்லை. என்னை இன்னும் உலுக்குவது அதுதான்.

டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் நின்றுகொண்டு மரிசெலுக்குப் போன் செய்தேன். ஷீட்டில் பிழை இருந்தால் மறுநாள் மதியம் பன்னிரண்டுக்குள் வீடியோ பார்த்துத் திருத்தலாம் என்று விதி இருந்தது. குழுத் தலைவர்தான் அதைக் கேட்க வேண்டும்.

"உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன் குயா" என்றார். "நாளைக் காலை வரைக்கும் பார்த்துட்டு நானே கூப்பிட்டிருப்பேன். பதின்மூணு வரும்போதெல்லாம் உங்க மூச்சு முதல்ல வந்தது. ஆட்டத்தை நிறுத்தி அப்பவே கேட்டிருக்கணும். நானும் கேட்காம அடிச்சேன். அது என் தப்பு."

"மகனுக்காக அப்பா திருத்தக் கேட்கிறார்னு சொல்லுவாங்களே மரிசெல்."

"சொல்லுவாங்க. அதனால அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீங்களே எழுதிக் கொடுங்க. இன்னொண்ணு. ஒருத்தனுக்கு மட்டும் திருத்த மாட்டேன். முதல் விசில்லேருந்து கடைசி விசில் வரைக்கும், எல்லா நம்பரும். ஹைதம் உட்பட. ஒன்பது மணிக்கு வந்துடுங்க. யல்லா, இப்ப வீட்டுக்குக் கிளம்புங்க."

ஞாயிறு காலை லீக் அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மரிசெல் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். என்னைத் திரைக்கு முதுகு காட்டி உட்கார வைத்து விசைப்பலகையைக் கொடுத்தார். இன்று அவர் சொல்வார், நான் அடிக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

இரண்டரை மணி நேரம். முதலில் ஆட்டக்காரனின் எண், பிறகு அவன் செய்தது என்று வந்துகொண்டே இருந்தன. சந்தேகமான இடங்களில் மரிசெல் வீடியோவை நிறுத்தி, மூன்று முறை நாலு முறை பார்த்துவிட்டுத்தான் சொன்னார். பன்னிரண்டு ரீபவுண்ட். ஏழு பாயிண்ட். பதின்மூன்று அசிஸ்ட். அந்த முதல் அசிஸ்ட் வந்தபோது என் விரல் தடுமாறியது. "அடிங்க குயா" என்றார். பதின்மூன்று ஸ்டீல். பதின்மூன்று ரீபவுண்ட். ஒரு இடத்தில், "பதின்மூன்று தவறு, இது அவனுடையதுதான்" என்றார். அதையும் அடித்தேன். முந்தைய நாள் கண் எடுக்காமல் பார்த்த ஆட்டத்தில் என் மகன் எப்படி ஆடினான் என்று முதுகைக் காட்டிக்கொண்டு அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நன்றாக ஆடியிருந்தான்.

முடிவில் கவினுக்கு மூன்று அசிஸ்ட், இரண்டு ஸ்டீல், நாலு ரீபவுண்ட் ஆகியிருந்தன. தவறு மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. ஹைதமின் வரிசையில் ஒன்றும் மாறவில்லை. மற்றவர்களிடம் அங்கங்கே ஒன்றிரண்டு, அதில் கவினுக்கு வந்த ரீபவுண்டுகளை இழந்த இரண்டு பேரும் அடக்கம். திருத்தத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதினேன்: 'சொன்ன நான் பதின்மூன்றாம் எண் ஆட்டக்காரரின் தந்தை. சந்தேகம் வந்த இடங்களில் எல்லாம் அவருக்கு எதிராகச் சொன்னேன்.' கையெழுத்துப் போட்டேன். மரிசெல் அதற்குக் கீழே, 'அடித்தவருக்குச் சந்தேகம் வந்தது, கேட்கவில்லை' என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். எழுத வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அந்த ஒரு வரிக்காக நான் அவருக்குப் பட்டிருக்கும் நன்றிக்கடனைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினோம்.

மாலை கவினைக் கிளப்புக்கு அழைத்துப் போகும்போது காரிலேயே சொன்னேன். எதையும் குறைக்காமல், அவன் அம்மா கேட்ட கேள்வியையும் சேர்த்து. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "அப்போ நேத்து எதிர் டீம்ல அஞ்சு பேர் இல்ல, உங்களையும் சேர்த்து ஆறு பேர் என்னை மார்க் பண்ணியிருக்கீங்க" என்றான்.

சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, "நெக்ஸ்ட் டைம் எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்கப்பா. ஷீட்ல சொல்லாதீங்க" என்றான். சொல்கிறேன் என்றேன்.

பயிற்சியாளர் இரண்டு பையன்களையும் வைத்துக்கொண்டு பேசினார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். முந்தைய நாள் ஷீட்டைப் பார்த்துத் தன் கண்ணையே சந்தேகப்பட்டதாகவும், ஹைதமை எடுப்பதென்று எழுதி வைத்துவிட்டதாகவும், மதியம் வந்த ஷீட்டும் தான் பார்த்த ஆட்டமும் ஒன்றாக இருப்பதாகவும் சொன்னார். இடம் கவினுக்கு. ஹைதமை நல்ல பையன் என்றார், வேறு கிளப்பில் பேசுகிறேன் என்றார்.

லீக் அந்த சீசன் முடியும்வரை என்னைச் சொல்பவனாக உட்கார விடவில்லை, அடிப்பவனாக வைத்தது. அது சரியான தண்டனை. கவினின் கிளப் ஆடும் நாட்களில் நான் மேசைக்கே போவதில்லை. வசந்தியோடு மேலே உட்கார்ந்து கத்துவேன். அந்த உரிமையும் அப்போதுதான் கிடைத்தது.

ஆனால் அன்று மாலை நடந்த இன்னொன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். கவின் உள்ளே காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஹைதம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். முந்தைய மாலையிலிருந்து அந்த மதியம்வரை, தன்னைவிட மோசமான ஒரு வரிசையைப் பார்த்துக்கொண்டு, இடம் தனக்குத்தான் என்று அவன் நம்பியிருப்பான். அந்த நம்பிக்கையைக் கொடுத்ததும் நான்தான், எடுத்ததும் நான்தான். அவனைத் தாண்டிப் போக விடக் கூடாது என்று முன்னால் போய் நின்றேன். நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவன் என்னைவிட ஒரு முழம் உயரம். கீழே குனிந்து கேட்டுக்கொண்டான்.

"அங்கிள், என் நம்பர் சரியா?"

"சரி."

"எல்லாமேவா?"

"எல்லாமே. இன்னிக்குக் காலையில ரெண்டாவது தடவையும் பார்த்தோம். ஒண்ணுகூட மாறல."

"கலாஸ்" என்றான், அவ்வளவுதான், முடிந்தது என்கிற அர்த்தத்தில். பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு எனக்குக் கை கொடுத்தான். ஷார்ஜா பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டான். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். நிறுத்தம்வரை கூடவே நடந்து போனேன்.